ஆங்கிலப் பிரதிப்பெயர்களைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

தமிழ் வினைமுற்றின் விகுதியே செயலைச் செய்தவர் யார் என்பதைச் சொல்லிவிடும். 'வந்தேன்' என்றால் நான், 'வந்தாய்' என்றால் நீ. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று திணை, பால், எண், இடம் ஆகிய நான்கும் அந்தச் சிறு விகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆங்கில வினைக்கு அந்த ஆற்றல் இல்லை. 'கேம்' என்ற ஒரே வடிவம் இவை அனைத்துக்கும் பொதுவாக நிற்கிறது. ஆகவே, வந்தது யார் என்ற செய்தி முழுவதையும் வினைக்கு முன்னால் நிற்கும் பிரதிப்பெயரே தெரிவிக்க வேண்டியிருக்கிறது. ஐ, யூ, ஹீ, ஷீ, இட், வீ, தே என்ற வரிசையைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள்கூட எழுதும்போது தடுமாறுவதற்கு, இந்த அடிப்படை வேறுபாட்டை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லாததே காரணம் என்று கருதுகிறேன். பட்டியலை அறிந்தால் மட்டும் போதாது. தமிழில் விகுதியும் வேற்றுமை உருபும் செய்யும் வேலை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லிடம் போய்ச் சேருகிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும்.

எழுவாயை ஒருபோதும் காலியாக விடாதீர்கள்

முதலில் ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம். "காலையில் கடைக்குப் போனேன். மூடியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். பத்து மணிக்குத் திறப்பார்கள் என்றார்." இந்த நான்கு வாக்கியங்களில் ஒரு பிரதிப்பெயர்கூட இல்லை, ஆனாலும் பொருளில் எந்தக் குறையும் இல்லை. இதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து பிரதிப்பெயர்கள் தேவைப்படும். போனேன் என்பதற்கு 'ஐ', மூடியிருந்தது என்பதற்கு 'இட்', கேட்டேன் என்பதற்கு மீண்டும் 'ஐ', என்றார் என்பதற்கு 'ஹீ' அல்லது 'ஷீ', திறப்பார்கள் என்பதற்கு 'தே'. இவற்றுள் நான்காவதைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆணா பெண்ணா என்பதைத் தமிழ் வாக்கியம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் அந்த இடத்தில் முடிவெடுத்தே தீர வேண்டும்.

இதிலிருந்து ஒரு பயிற்சி முறை கிடைக்கிறது. நீங்கள் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுபவராக இருந்தால், ஒவ்வொரு வினைமுற்றையும் அடிக்கோடிட்டு, அதன் விகுதியைப் பிரித்தெடுத்து, அதற்குரிய ஆங்கிலப் பிரதிப்பெயரை அதன் மேல் எழுதுங்கள். அதன் பிறகே வாக்கியத்தை அமையுங்கள். தொடக்கத்தில் இது மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் எழுவாய் விடுபடும் பிழையைக் களைய இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. ஏவல் வாக்கியங்கள் மட்டும் இதற்கு விலக்கு: 'வா' என்பது போலவே 'கம்' என்பதும் எழுவாய் இல்லாமல் தனியே நிற்கும்.

எழுவாய் வேண்டும் என்ற இந்தக் கட்டாயம் ஆங்கிலத்தில் எவ்வளவு வலிமையானது என்றால், சுட்டுவதற்குப் பொருள் எதுவும் இல்லாத இடத்தில்கூட ஒரு பிரதிப்பெயரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மழை பெய்கிறது என்பது 'இட் இஸ் ரெய்னிங்'. மணி ஐந்து என்பது 'இட் இஸ் ஃபைவ்'. இந்த 'இட்' எதைக் குறிக்கிறது என்று தேடிப் பயனில்லை. அது எழுவாயின் இருக்கையை நிரப்ப வந்த சொல், அவ்வளவே. இந்த மலையில் ஏறுவது கடினம் என்பதை எழுதும்போதும், ஏறுவது என்னும் உண்மையான எழுவாயை வாக்கியத்தின் கடைசிக்கு அனுப்பிவிட்டு, 'இட் இஸ் டிஃபிகல்ட்' என்று தொடங்குவதே ஆங்கிலத்தின் இயல்பான நடை.

விகுதியைப் பார்த்து எழுவாயைக் கண்டுபிடிக்கும் முறை ஓரிடத்தில் செல்லாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்று சொல்லும்போது வினை மாறுவதே இல்லை. யார் என்ற செய்தி 'கு' உருபேற்ற சொல்லில் இருக்கிறது. தெரியும், புரிகிறது, பிடிக்கும், வேண்டும், பசிக்கிறது, வலிக்கிறது போன்ற வினைகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் பெரும்பாலானவற்றை ஆங்கிலமாக்கும்போது அந்த நான்காம் வேற்றுமைச் சொல்லையே எழுவாயாக உயர்த்த வேண்டும். எனக்குத் தெரியும் என்பது 'ஐ நோ'. அவளுக்குப் பிடிக்கும் என்பது 'ஷீ லைக்ஸ் இட்'. எனக்குப் பசிக்கிறது என்பது 'ஐ ஆம் ஹங்ரி'. எனக்கு இரண்டு தம்பிகள் என்பது 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. என்னால் முடியும் என்பதில் உருபு மூன்றாம் வேற்றுமையுடையது. ஆயினும் அதுவும் 'ஐ கேன்' என்றே ஆகும். 'எனக்கு' என்றவுடன் 'ஃபார் மீ' அல்லது 'டு மீ' என்று கை போவதுதான் தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் அடிக்கடி தென்படும் பிழை. பழைய ஆங்கிலத்திலும் நம்மைப் போன்ற அமைப்பு இருந்தது என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. ஷேக்ஸ்பியர் காலத்து எழுத்துகளில் காணப்படும் 'மீதிங்க்ஸ்' என்ற சொல்லுக்கு 'எனக்குத் தோன்றுகிறது' என்று பொருள். அதன் முற்பகுதியில் இருக்கும் 'மீ', நம் 'எனக்கு' என்பதற்கு இணையானது. பின்னாளில் அந்த அமைப்பு மறைந்து, எழுவாயே அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது.

வேற்றுமை: 'மீ' என்பதை 'என்' போலக் கருதுங்கள்

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் தம் வேற்றுமை வடிவங்களைப் பெரும்பாலும் இழந்துவிட்டன. நாய் கடித்தாலும், நாயை அடித்தாலும் 'டாக்' என்ற சொல் மாறுவதில்லை. பிரதிப்பெயர்கள் மட்டும் அந்தப் பழைய வேறுபாட்டை இன்றும் காத்துவருகின்றன. எழுவாயில் ஐ, ஹீ, ஷீ, வீ, தே. மற்ற இடங்களில் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். 'யூ', 'இட்' இரண்டும் எங்கும் மாறாதவை.

மற்ற இடங்கள் என்று பொதுவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'நான்' என்பது உருபேற்கும்போது 'என்' என்று திரிகிறது. அந்த 'என்' மீதுதான் என்னை, என்னால், எனக்கு, என்னோடு, என்னிடம், என்னிலிருந்து என எல்லா உருபுகளும் ஏறுகின்றன. ஆங்கிலத்தின் 'மீ' ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறது. நம் உருபு பின்னால் ஒட்டும். அவர்களுடைய முன்னிடைச்சொல் முன்னால் தனியாக நிற்கும். அதனால் 'வித் மீ', 'ஃப்ரம் மீ', 'டு மீ', 'பை மீ' என்று எந்த முன்னிடைச்சொல்லுக்குப் பின்னும் 'மீ' தான் வரும், 'ஐ' வராது. இதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால், எழுவாய், செயப்படுபொருள் என்ற பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

இரண்டு பேர் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 'மேலாளர் என்னையும் கவிதாவையும் அழைத்தார்' என்பதை எழுதும்போது, மரியாதையான ஆங்கிலம் என்று எண்ணி, 'கவிதா அண்ட் ஐ' என்று முடிப்பவர்கள் மிகப் பலர். இதற்கு எளிய சோதனை, உடன் வருபவரை நீக்கிப் பார்ப்பது. அழைத்தார் என்பதற்குப் பின் 'ஐ' மட்டும் நின்றால் காதுக்கே தவறு தெரிந்துவிடும். ஆகவே 'கவிதா அண்ட் மீ' என்பதே சரி. 'நானும் கவிதாவும் போனோம்' என்பதில் அதே சோதனையைச் செய்தால் 'ஐ' நிலைக்கும். ஆகவே 'கவிதா அண்ட் ஐ' சரி. 'பிட்வீன்' என்ற சொல்லுக்குப் பின் ஒருவரை நீக்கிப் பார்க்க முடியாது. ஆனால் அது முன்னிடைச்சொல் என்பதால், 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதில் ஐயமே வேண்டாம். பிறரை முன்னும் தன்னைப் பின்னும் சொல்வது பண்பாட்டு வழக்கம். அதற்கும் வேற்றுமைக்கும் தொடர்பில்லை.

உடைமையைக் காட்டும் வடிவங்களில் இரண்டு வகை உண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மை, யுவர், ஹெர், ஔவர், தெயர். பெயர்ச்சொல் இல்லாமல் தனியே நிற்கும்போது மைன், யுவர்ஸ், ஹெர்ஸ், ஔவர்ஸ், தெயர்ஸ். 'என் பேனா' என்பதற்கும் 'இந்தப் பேனா என்னுடையது' என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. 'ஹிஸ்' இரண்டு இடத்திலும் மாறாமல் வரும். இந்த வடிவங்கள் எதிலும் 'அபாஸ்ட்ரஃபி' எனப்படும் மேல்குறி வராது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். 'அதன்' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' என்பதற்கும் மேல்குறி இல்லை. மேல்குறியோடு எழுதினால் அது 'இட் இஸ்' என்பதன் சுருக்கமாகிவிடும். எழுதியதைச் சரிபார்க்கும்போது அந்த இடத்தில் 'இட் இஸ்' என்று விரித்துப் படியுங்கள். பொருள் கெட்டால் குறியை நீக்குங்கள். இந்த 'இட்ஸ்' வயதில் மிக இளைய சொல். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அச்சில் தலைகாட்டுகிறது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் விவிலியத்தின் முதற்பதிப்பில் அது இடம்பெறவில்லை. அதற்கு முன் அஃறிணைப் பொருளுக்கும் 'ஹிஸ்' என்றே எழுதிவந்தார்கள்.

'தன்' என்ற சொல் இல்லாத மொழி

"கண்ணன் வேலுவிடம் தன் சாவியைக் கொடுத்தான்" என்றால் சாவி கண்ணனுடையது. "கண்ணன் வேலுவிடம் அவன் சாவியைக் கொடுத்தான்" என்றால் சாவி வேலுவுடையதாகவோ மூன்றாம் ஒருவனுடையதாகவோ இருக்கும். எழுவாயைத் திருப்பிச் சுட்டும் 'தன்' என்ற அருமையான கருவி ஆங்கிலத்தில் இல்லை. இரண்டு வாக்கியங்களுக்கும் 'ஹிஸ்' ஒன்றே கிடைக்கிறது. தமிழில் தெளிவாக நினைத்ததை ஆங்கிலத்தில் மயங்க எழுதிவிட்டு, மயக்கம் இருப்பதையே உணராமல் போவதற்கு இது முதன்மையான காரணம். தீர்வு, வாக்கியத்தை மாற்றி அமைப்பதே. சாவி கண்ணனுடையது என்றால் 'ஹிஸ் ஓன் கீ' என்று 'ஓன்' சேர்க்கலாம். வேலுவுடையது என்றால் 'கண்ணன் கேவ் வேலுஸ் கீ பேக் டு ஹிம்' என்று உடையவரின் பெயரை வெளிப்படையாக எழுதிவிடலாம்.

'தன்' என்பது ஆண், பெண் வேறுபாடு காட்டாது என்பதும் இதோடு சேர்ந்த ஒரு தொல்லை. கமலா தன் தம்பியைப் பார்த்தாள் என்பதில் 'தன்' என்பது 'ஹெர்' ஆகும்; பார்க்கப்படுபவன் ஆண் என்பதற்காக 'ஹிஸ்' ஆகாது. உடையவரைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும், உடைமையைப் பார்த்தன்று. இந்த விதி 'அவனுடைய', 'அவளுடைய' என்று சொல்லும் நமக்கு எளிது. உடைமைப் பொருளின் பாலுக்கேற்பச் சொல்லை மாற்றும் இந்தி, பிரெஞ்சு மொழியினருக்கே இது உண்மையில் கடினம்.

'செல்ஃப்' சேர்ந்த வடிவங்களுக்கு இரண்டே பயன்கள். எழுவாயும் செயப்படுபொருளும் ஒருவரே என்றால் அவை வரும்: தன்னைக் கண்ணாடியில் பார்த்தாள் என்பது 'ஷீ ஸா ஹெர்செல்ஃப்'. அழுத்தம் கொடுக்கவும் வரும்: நானே சமைத்தேன் என்பது 'ஐ குக்ட் இட் மைசெல்ஃப்'. இவ்விரண்டும் அல்லாத இடத்தில் அவை பொருந்தா. நேர்முகத் தேர்வுகளில் 'மைசெல்ஃப் குமார்' என்று அறிமுகம் செய்துகொள்ளும் பழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. அங்கே 'ஐ ஆம் குமார்' என்பதே முறை. மைசெல்ஃப், யுவர்செல்ஃப் இரண்டும் உடைமை வடிவத்தின் மேல் கட்டப்பட்டவை. ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ் இரண்டும் 'ஹிம்', 'தெம்' வடிவத்தின் மேல் கட்டப்பட்டவை. இந்த ஒழுங்கின்மைக்கு விதி தேடாமல் அப்படியே ஏற்றுக்கொள்வது நல்லது. இன்னொன்று: ஒருமை, பன்மை வேறுபாட்டை 'யூ' வேறெங்கும் காட்டாது, 'யுவர்செல்ஃப்', 'யுவர்செல்வ்ஸ்' என்ற இந்த இடத்தில் மட்டுமே காட்டும்.

மரியாதை, பால், எண்

தமிழரை மனத்தளவில் மிகவும் சங்கடப்படுத்துவது 'ஹீ', 'ஷீ' இரண்டும்தான். அப்பாவையோ ஆசிரியரையோ 'அவன்' என்று சொல்ல நாக்கு கூசுவது போலவே, 'ஹீ' என்று சொல்லவும் கூசுகிறது. அதனால் ஒருவரையே 'தே' என்று பன்மையில் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் பலர் வருகிறார்கள் என்று புரிந்துகொள்கிறார். 'ஹீ' என்பதில் அவமரியாதை சிறிதும் இல்லை என்பதை உறுதியாக நம்புங்கள். அது அவன், அவர் இரண்டுக்கும் பொது. மரியாதையை ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும் அடைமொழியிலும், 'குட்', 'வுட்' போன்ற துணைவினைகளிலும், கேட்கும் தொனியிலும் காட்ட வேண்டும்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இருந்தது. 'தவ்' என்பது ஒருமை; 'யீ', 'யூ' இரண்டும் பன்மை, முதலாவது எழுவாய்க்கும் இரண்டாவது மற்ற இடங்களுக்கும் உரியவை. பிரெஞ்சு வழக்கத்தின் செல்வாக்கால் மதிப்புக்குரிய ஒருவரையும் பன்மையில் விளிக்கத் தொடங்கி, அது பரவிப் பரவி, இறுதியில் ஒருமைச் சொல்லே பொது வழக்கிலிருந்து மறைந்துபோயிற்று. ஒருவரிடம் பேசினாலும் 'யூ ஆர்' என்று பன்மை வினையே வருவது இதனால்தான். நம் 'அவர்' என்பதும் பழந்தமிழில் பலர்பாற் சொல்லாக இருந்து, பின்னர் ஒருவருக்கு மதிப்புத் தரும் சொல்லாகியது அல்லவா? அதை அறிந்த தமிழருக்கு இந்த வரலாறு எளிதில் விளங்கும்.

அதே அறிவு ஒருமைப் பொருளில் வரும் 'தே' என்பதைப் புரிந்துகொள்ளவும் கைகொடுக்கும். யாரோ தம் குடையை விட்டுச் சென்றிருக்கிறார் என்பதில் அந்த ஆள் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆங்கிலத்தில் 'சம்ஒன் லெஃப்ட் தெயர் அம்ப்ரெல்லா' என்கிறார்கள். இந்த வழக்கு பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பிற்கால இலக்கண ஆசிரியர்கள் இதை மறுத்து 'ஹிஸ்' என்றே எழுத வேண்டும் என்றனர். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்று சட்டமே இயற்றியது. இன்று நிலைமை மாறிவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு நடைக் கையேடு ஒருமை 'தே' என்பதை ஏற்று, பரிந்துரைக்கவும் செய்கிறது. 'எவ்ரிஒன்' போன்ற சொல்லுக்கு வினை ஒருமையிலும், அதைச் சுட்டும் பிரதிப்பெயர் 'தெயர்' என்றும் வருவதை இப்போது தயங்காமல் எழுதலாம். தம்மை 'தே' என்றே குறிப்பிட வேண்டும் என்று ஒருவர் கேட்டுக்கொண்டால் அப்படியே குறிப்பிடுவதும் இன்றைய முறை. ஒருவரைக் குறித்தாலும் வினை 'தே ஆர்' என்று பன்மையிலேயே நிற்கும்.

நாம், நாங்கள் இரண்டுக்கும் 'வீ' ஒன்றே. திங்கட்கிழமை சந்திப்போம் என்று 'வீ வில் மீட்' என்று கடிதத்தில் எழுதினால், படிப்பவர் தாமும் வர வேண்டுமா என்று குழம்பலாம். கேட்பவரையும் சேர்க்க விரும்பினால் 'யூ அண்ட் ஐ' என்றோ 'ஆல் ஆஃப் அஸ், இன்க்ளூடிங் யூ' என்றோ விரித்தெழுதுங்கள். சேர்க்காவிட்டால் 'ஔவர் டீம்' என்று குழுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

பெயரெச்சமும் 'ஹூ', 'விச்' இரண்டும்

'நேற்று வந்த பெண்' என்பதில் 'வந்த' என்ற பெயரெச்சம் பெண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் பெண்ணை முதலில் சொல்லி, 'ஹூ' என்ற இணைப்புப் பிரதிப்பெயரை இட்டு, அதன் பின் 'வந்த' கதையைச் சொல்ல வேண்டும்: 'தி உமன் ஹூ கேம் யெஸ்டர்டே'. மனிதருக்கு 'ஹூ', மற்றவற்றுக்கு 'விச்', இரண்டுக்கும் 'தட்'. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு இந்தப் பகுப்பு புதிதல்ல.

'நான் வாங்கிய புத்தகம்' என்பதை எழுதும்போது கவனம் தேவை. 'தி புக் விச் ஐ பாட்' என்பதோடு நிறுத்த வேண்டும். அதன் பின் 'இட்' சேர்ப்பது பிழை, ஏனெனில் செயப்படுபொருளின் இடத்தை 'விச்' ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. இத்தகைய இடத்தில் 'விச்' என்பதையே விட்டுவிட்டு 'தி புக் ஐ பாட்' என்றும் எழுதலாம். எழுவாயாக நிற்கும் 'ஹூ' என்பதை அப்படி விட முடியாது. 'ஹூ', 'ஹூம்' எது என்ற ஐயம் வந்தால், விடையைப் பிரதிப்பெயரால் சொல்லிப் பாருங்கள்: விடை 'ஹீ' என்றால் 'ஹூ', 'ஹிம்' என்றால் 'ஹூம்'. பேச்சில் 'ஹூம்' பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. முறையான எழுத்திலும், முன்னிடைச்சொல்லுக்கு நேர் பின்னாலும் மட்டும் அதைக் காப்பாற்றுங்கள்.

எழுதி முடித்தபின்

வரைவு முழுமையடைந்ததும் ஒவ்வொரு பிரதிப்பெயரையும் வட்டமிட்டு, அது சுட்டும் பெயர்ச்சொல்வரை பென்சிலால் கோடு இழுங்கள். கோடு எங்கும் சேராவிட்டால் பெயரையே எழுதுங்கள். இரண்டு பெயர்களை நோக்கிச் சென்றால் வாக்கியத்தை உடையுங்கள். மீனா ராதாவிடம் 'அவள் தேர்ச்சி பெற்றுவிட்டாள்' என்று சொன்னாள் என்பதன் ஆங்கில வடிவில் 'ஷீ' இருவரையும் சுட்டும். தேர்ச்சி பெற்றவள் ராதா என்றால், மீனா சொன்னதை மேற்கோள் குறிக்குள் இட்டு 'யூ ஹேவ் பாஸ்ட்' என்று நேர்கூற்றாக எழுதிவிட்டால், எஞ்சியிருந்த ஒரே ஐயமும் தீர்ந்துவிடும்.